மலையிடம் பயின்ற அறிஞர்

தென்னமெரிக்காவின் மேற்கு விளிம்பில் வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அத்தொடரில், ஈக்வடார் நாட்டில், பனிமுடி தாங்கி ஓங்கி நிற்கும் எரிமலை சிம்பொராசோ. அம்மலையின் புகழோடு தம் புகழும் பிணைந்து நிற்கப் பெற்றவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட்.

ஹம்போல்ட் 1769ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் செல்வக் குடியில் தோன்றினார். செடிகொடிகளைத் திரட்டுவதில் இளமை முதலே அவருக்கு அளவிலா வேட்கை உண்டு. எனினும், அன்னையார் விருப்பத்திற்கிணங்கி அரசுப் பணிக்கென்றே பயின்று, சுரங்கத்துறையில் அலுவல் ஏற்றார். 1796இல் அன்னையார் மறைந்தபின் பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது. அவர் பதவியைத் துறந்தார். செல்வத்தை ஆராய்ச்சிக்கே ஆக்கினார். 1799இல் பொன்பிளான் என்னும் பிரெஞ்சு அறிஞருடன் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

1802 ஜூன் 23ஆம் நாள் அவர்கள் சிம்பொராசோவில் ஏறினர். உலகிலேயே மிக உயர்ந்த மலை அதுவே என ஐரோப்பியர் எண்ணியிருந்த காலம் அது. வழித்துணையாக வந்தோருள் பெரும்பாலோர் இடையிலேயே திரும்பினர். பாதையோ கத்திமுனை போல் ஒடுங்கியது. மூடுபனி கண்ணை மறைத்தது. காற்றின் செறிவு குறையவே தலை சுழன்றது. ஈறுகளில் குருதி கசிந்தது. அந்நிலையிலும் ஹம்போல்ட் காற்றழுத்தமானியைக் கைவிடாது உயரத்தை அளந்தார். முடிவில், கடக்கவொண்ணாப் பெரும்பிளவு ஒன்று குறுக்கிட்டது. ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரம் வந்துவிட்டதாகக் கணித்த அவர், முடியை எட்டாமலே இறங்கினார்.

ஆயினும், அவர் வெறுங்கையராய்த் திரும்பவில்லை. ஆண்டீஸ் மலைகளின் அடிவாரத்தில் வாழையும் பனையினமும் செழித்திருந்தன, மேலே செல்லச் செல்ல மரங்கள் குறைந்து புல்வெளி பரந்தது, அதற்கும் மேலே பாறையில் ஒட்டிய பாசியினம், அப்பால் பனி. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை செல்வோர் காணும் மாற்றத்தை ஒரு மலையிலேயே காணலாம் என அவர் தெளிந்தார். எந்த உயரத்தில் எச்செடி வாழும் என்பதைச் சிம்பொராசோவின் ஓவியத்திலேயே குறித்து, 1807இல் வெளியிட்டார். தாவரப் புவியியலுக்கு அஃது அடிப்படையாயிற்று.

ஹம்போல்ட் 1859இல் மறைந்தார். சிம்பொராசோவின் முடியை 1880இல் விம்பர் என்னும் ஆங்கிலேயர் தம் துணைவருடன் எட்டினார். இமயத்தில் அதனினும் உயர்ந்த முடிகள் உள்ளமை முன்னரே தெரிந்துவிட்டது. ஆனால், பூமியின் நடுப்பகுதி புடைத்திருப்பதால், அதன் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள முடி 6,263 மீட்டர் உயரமுள்ள சிம்பொராசோவே ஆகும். முடியை எட்டாத ஹம்போல்ட், மலையை முழுதும் கற்றார். ஏறிய உயரத்தினும் கற்ற அறிவே அவர் பெயரை நிலைநிறுத்தியது.