காற்றின் வளைவைக் கண்ட வில்லியம் ஃபெரல்

அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று வீசுகிறது. இது பள்ளிச் சிறுவனும் அறிந்த உண்மை. ஆனால் அது நேராக வீசுவதில்லை. பூமியின் வட பாதியில் தன் வலப்புறமாகவும், தென் பாதியில் இடப்புறமாகவும் திரும்பிக்கொண்டே செல்கிறது. புவியியல் பாடத்தில் 'ஃபெரல் விதி' என்று நாம் மனப்பாடம் செய்த வரி இதுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கித் தந்த அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாவில் 1817ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள் பிறந்தார் வில்லியம் ஃபெரல். உழவர் குடும்பம். பன்னிரண்டு வயதில் வர்ஜீனியாவிலிருந்த ஒரு பண்ணைக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் மட்டுமே பள்ளிக்கூடம். அதுவும் சில குளிர்காலங்களே. 1832இல் ஒரு சூரிய கிரகணத்தைக் கண்டதிலிருந்து அது எப்படி நிகழ்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. சொல்லித்தர ஆளில்லை. ஒரு பஞ்சாங்கத்தையும் ஒரு புவியியல் நூலையும் வைத்துக்கொண்டு, 1835ஆம் ஆண்டின் கிரகணங்களைத் தாமே கணித்தார். உண்மை நேரத்துக்கும் அவர் கணக்குக்கும் சில நிமிடங்களே வேறுபாடு!

வடிவ கணிதம் கற்க அவரிடம் கருவிகள் இல்லை. கதிரடிக்கும் கொட்டகையின் மரக்கதவுகளில், வைக்கோல் அள்ளும் கவைக்கோலின் முனைகளைக் கொண்டே வட்டங்களும் கோடுகளும் கீறினார். பல ஆண்டுகள் அந்தக் கீறல்கள் அழியாமல் இருந்தனவாம்.

1839இல் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் பணம் தீர்ந்தது. படிப்பை நிறுத்திவிட்டு இரண்டாண்டுகள் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1844இல் பெத்தனி கல்லூரியில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அவர் கண்டுபிடிப்புகளைவிட இந்த இரண்டாண்டு இடைவெளியே என்னை அதிகம் நிற்க வைத்தது.

பின்னர் மிசௌரி, கென்டக்கி, டென்னசி என்று ஊர் ஊராக ஆசிரியப் பணி. மிசௌரியில் இருந்தபோது நியூட்டனின் பிரின்சிப்பியா நூல் கைக்குக் கிடைத்தது. உழைத்து அதைக் கற்றார். 1855இல் மோரி என்பவர் கடலைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. அதில் கண்ட விளக்கங்கள் ஃபெரலுக்கு ஒப்பவில்லை. நாஷ்வில் நகரில் மருத்துவ இதழ் ஒன்றை நடத்திவந்த நண்பர், எழுதித் தாருங்கள் என்றார். உலகக் காற்றோட்டத்தைப் பற்றிய அந்த அரிய கட்டுரை, 1856இல் ஒரு மருத்துவ இதழில் அச்சாயிற்று! வானிலை அறிஞர்கள் அதைத் தேடிப் படித்திருக்க வழியேது?

அப்படி என்ன எழுதினார்? நிலநடுக்கோட்டில் சூடான காற்று மேலெழுந்து துருவம் வரை சென்று, குளிர்ந்து இறங்கி, தரையோடு திரும்புகிறது என்று 1735இல் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் கூறியிருந்தார். இது சரியானால் குளிர்ந்த கனமான காற்று இறங்கும் துருவப் பகுதியில் அழுத்தம் மிகுந்திருக்க வேண்டும். மாலுமிகளின் பாரமானிகளோ வேறு கதை சொல்லின. அழுத்தம் 30 பாகை அட்சத்தை ஒட்டி மிகுந்தும், அங்கிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் இருந்தது.

இந்த முடிச்சை ஃபெரல் அவிழ்த்தார். வட பாதியில் 30 பாகைக்குத் தெற்கே வீசும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அதன் வலப்புறம் வடக்கு. 30 பாகைக்கு வடக்கே வீசும் மேலைக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதன் வலப்புறம் தெற்கு. ஆகவே பூமியின் சுழற்சி இரண்டையும் 30 பாகையை நோக்கியே தள்ளுகிறது, காற்று அங்கே குவிகிறது, அழுத்தம் உயர்கிறது. எவ்வளவு எளிய விளக்கம்! 30 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையே தனியாக ஒரு சுழல் உண்டு என்றும் அவர் சொன்னார். அதற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

தெற்கு வடக்காகச் செல்லும் காற்றே திரும்பும் என்று ஹாட்லி எண்ணியிருந்தார். எத்திசையில் சென்றாலும் திரும்பும் என்பதை ஃபெரல் தம் அடுத்த கட்டுரைகளில் கணித வழியில் நிறுவினார். தாழ்வழுத்த மையத்தை நோக்கி ஓடும் காற்று மையத்தை நேரே அடையாமல் அதைச் சுற்றிச் சுழல்வது இதனால்தான். நம் வங்கக் கடல் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்வதும் இதே விதிப்படியே. திருப்பும் விசைக்கு மட்டும் கொரியாலிஸ் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 1835இல் எழுதியது சுழலும் பொறிகளைப் பற்றியே அன்றிக் காற்றைப் பற்றியன்று.

ஃபெரல் சொன்ன நடுச் சுழல் அப்படியே நிலைத்துவிடவில்லை. அப்பகுதிகளில் வெப்பத்தைத் துருவம் நோக்கிச் சுமப்பவை, இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும் தாழ்வழுத்தங்களும் உயர்வழுத்தங்களுமே என்றும், அந்தச் சுழல் நீண்ட காலச் சராசரியில் மட்டுமே தென்படுவது என்றும் பின்வந்தோர் கண்டனர்.

அரசுப் பணி அவருக்குப் பின்னர்தான் வாய்த்தது. கடற்பயணப் பஞ்சாங்க அலுவலகம், 1867இல் கடற்கரை அளவைத் துறை, 1882இல் வானிலைத் துறை எனப் பணியாற்றினார். கடல் ஏற்றவற்றங்களை முன்கூட்டியே கணிக்கும் பொறி ஒன்றையும் அமைத்தார். ஆனால் கூச்சம் மட்டும் போகவில்லை. கட்டுரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறிஞர் கூட்டத்துக்குப் போவார். எழுந்து படிக்கத் துணிவின்றித் திரும்பிவிடுவார். இப்படிப் பல கூட்டங்கள். திருமணமும் செய்துகொள்ளவில்லை. 1886இல் ஓய்வு பெற்று, 1889இல் காற்றுகளைப் பற்றி எல்லோருக்கும் விளங்கும்படி ஒரு நூலை வெளியிட்டார். 1891ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தின் மேவுட் என்னும் ஊரில் காலமானார். அவர் அமைத்த பொறி 1910 வரை துறைமுகங்களுக்கு ஏற்றவற்ற நேரத்தைக் கணித்துத் தந்துகொண்டிருந்தது.