வேதியியல் மேதை பி. சி. ராய்

வேதிச் சமன்பாடு என்றாலே நம்மில் பலருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆச்சாரியார் பிரபுல்ல சந்திர ராயின் வரலாற்றைப் படித்தபின் எங்களுக்கு அந்த அச்சம் சற்றுக் குறைந்தது.

இவர் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று, 1889-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். அந்நாளில் மருந்துகள் பெரும்பாலும் சீமையிலிருந்தே வந்தன. அவற்றை இங்கேயே செய்ய விரும்பிய ராய், கசாப்புக் கடை எலும்புகளை வாங்கித் தம் வீட்டு மாடியில் உலர்த்தினார். மழை பெய்து நாற்றமெடுக்கவே அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தனர். தோல் ஷாப்புகளுக்கு நடுவே வாழும் பேரணாம்பட்டுப் பெண்களாகிய எங்களுக்கு அந்த நாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை!

பின்னர் எலும்பைச் சூளையில் சுட்டார். ஒட்டியிருந்த இறைச்சி அழிந்துவிடவில்லை; புகையாய்க் காற்றில் கலந்தது. எஞ்சிய சாம்பலில் மிகுதியாக இருப்பது கால்சியம் பாஸ்பேட். அதன் ஒரு மூலக்கூறுக்குக் கந்தக அமிலம் இரண்டு மூலக்கூறு வேண்டும். ஏன் இரண்டு? 310 கிராம் பாஸ்பேட்டும் 196 கிராம் அமிலமும் சேர்ந்தால் 506 கிராம். கிடைப்பவை கால்சியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 234 கிராம், கால்சியம் சல்பேட் 272 கிராம். கூட்டிப் பாருங்கள், அதே 506! அமிலத்தை ஒன்று என்று எழுதினால் கணக்கு உதைக்கும். பொருண்மை அழியா விதி இதுதான்.

இப்படி வீட்டில் தொடங்கிய தொழிலே 1901-இல் பெங்கால் கெமிக்கல் கம்பெனியாயிற்று. ராய் மணம் புரியவில்லை. 1921-இல் அறுபது வயதானதும், அதன்பின் வந்த சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்திற்கே கொடுத்துவிட்டு, அறிவியல் கல்லூரியின் ஓர் அறையில் மாணவர்களோடு வாழ்ந்து, 1944 ஜூன் 16-ஆம் நாள் காலமானார்.