மெட்ராஸ் மணலில் பிறந்த பாடமுறை... 8 வயசுப் பையனை வாத்தியாராக்கிய ஆண்ட்ரூ பெல் யார்?

ஒரு பாடம் நமக்கு நல்லா புரிந்துவிட்டதா இல்லையா என்று எப்போ தெரியும்? அதைப் பக்கத்து பெஞ்ச் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான். எக்ஸாமுக்கு முந்தின நாள் குரூப் ஸ்டடி பண்ணினவங்களுக்கு இது தெரியும். இந்த ஒரு விஷயத்தை வைத்து பிரிட்டன் முழுக்க பள்ளிக்கூடங்கள் வரக் காரணமாக இருந்தவர் ஆண்ட்ரூ பெல். அவர் இதைப் பிடித்தது லண்டனில் இல்லை. நம்ம மெட்ராஸில்.

யார் இவர்?

1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், முடிதிருத்துபவரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில வருஷம் டியூஷன் வாத்தியார், பிறகு இங்கிலாந்து திருச்சபையில் பாதிரியார். 1787-ல் மெட்ராஸ் வந்தார். 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கான இடம் அது. அந்த வேலைக்கு பெல் சம்பளம் வாங்கவில்லை. ராணுவப் பிரிவுகளின் பாதிரியார் வருமானம் தனியாக வந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

மணலில் என்ன பார்த்தார்?

விடுதியில் வாத்தியார்கள் இருந்தாங்க, ஆனா பாடம் ஏறவில்லை. ஒருநாள் வெளியே போகும் வழியில் ஒரு 'மலபார்' பள்ளியைப் பார்க்கிறார். இது கேரளா இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் அழைத்தார்கள். அதாவது, நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து, தன் வாத்தியார்களிடம் இதையே செய்யச் சொன்னார். அவங்க மசியலை. பெல் விடுவதாக இல்லை. ஒரு சிப்பாயின் மகன், 8 வயசு ஜான் ஃப்ரிஸ்கென் என்ற பையனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்று ஒதுக்கியதை அந்தப் பையன் செய்து காட்டினான். அதன்பிறகு வகுப்புக்கு வகுப்பு மாணவர்களே ஆசிரியர்கள். தெரிந்தவனும் தெரியாதவனும் ஜோடியாக உட்காரணும், பாடம் சின்னச் சின்னத் துண்டாக வரணும், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பிரம்புக்கு அவர் எதிரி. தப்பு செய்தால் நோட்டில் பெயர் ஏறும், சக மாணவர்களே விசாரிப்பார்கள்.

இது ஏன் வேலை செய்தது?

விரலால் எழுதும்போது கண்ணோடு கையும் சேர்ந்து எழுத்தைப் பழகுது. தப்பானால் அழிச்சுட்டு உடனே மறுபடி எழுதலாம், காகிதச் செலவும் கிடையாது. சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு, தன் அறிவில் எங்கே ஓட்டை இருக்கு என்பது அப்போதே தெரிந்துவிடும். கேட்கிற பையனுக்கோ, நேற்று இதே இடத்தில் தடுமாறிய ஒருத்தன் சொல்வது ஈஸியாகப் பிடிபடும். கொரோனாவுக்குப் பிறகு நம்ம விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது ஞாபகம் இருக்கா? அதில் சொல்லிக்கொடுத்தது மாணவர்கள் இல்லை, தன்னார்வலர்கள். ஆனாலும் தெருவில் தெரிந்த அக்கா சொன்னால் குழந்தை பயப்படாமல் கேட்கும் என்ற நம்பிக்கை அதிலும் இருந்தது.

நம்ம ஊரில் இது புதுசா?

இல்லை. இப்போதைய கிளாஸ் லீடருக்கு அப்போ பேரு சட்டாம்பிள்ளை. வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது அவர் வேலையில் ஒன்று. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கில், மெட்ராஸ் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். முண்டியம்பாக்கம், திண்டிவனம் எல்லாம் அடங்கிய தென் ஆற்காடும் அந்தக் கணக்கில் உண்டு. அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

லண்டனில் என்ன ஆச்சு?

1796-ல் ஊர் திரும்பிய பெல், அடுத்த வருஷமே மெட்ராஸ் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். 1798-ல் லண்டன் ஆல்ட்கேட் பள்ளி ஒன்றில் முறை நுழைந்தது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் கிட்டத்தட்ட இதே முறையில் பள்ளி நடத்த, யாருடைய ஐடியா என்று பெரிய சண்டை. 1811-ல் திருச்சபை சார்பில் தேசிய சங்கம் உருவாகி, பெல் முறையைப் பரப்பியது. 1832-ல் அவர் இறந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள்.

ஆனால் எண்ணிக்கை ஏறினதும் முறை தேய்ந்துபோனது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஒரே ஒரு வாத்தியார், ஒப்பிக்க வைக்கும் குட்டி மானிட்டர்கள். செலவு கம்மி என்பதுதான் எல்லோருக்கும் பிடித்தது. ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லித்தரத் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று பெல்லே எழுதினார். மணலில் எழுதிய பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர் எழுதியது இது! 1846-ல் பயிற்சி பெறும் மாணவ-ஆசிரியர் திட்டம் வந்ததும் மானிட்டர் முறை ஓரங்கட்டப்பட்டது.

அவர் விட்டுப்போன பணத்தில் கட்டப்பட்ட ஒரு பள்ளி செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடக்கிறது. பேரு 'மெட்ராஸ் காலேஜ்'. எழும்பூரில் பாடம் எடுத்த ஃப்ரிஸ்கென் பெயரை பெல் பதிவு செய்தார். மணல் பரப்பி எழுத வைத்த அந்தத் திண்ணை வாத்தியாரின் பெயர் அவர் புத்தகத்தில் இல்லை.