தில்லி கண்ட கவியரசர் அமீர் குஸ்ரு

குமரிமுனையிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து சேரும் இடம் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையம். மூட்டை முடிச்சுகளுடன் அங்கே இறங்கி இல்லம் விரையும் நாம், அந்நிலையத்திற்குச் சற்றுத் தொலைவில் ஒரு பெரும் புலவர் துயில்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவரே பாரசீக மொழியில் கவி மழை பொழிந்த அமீர் குஸ்ரு.

இவர் 1253ஆம் ஆண்டில், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள பட்டியாலியில் பிறந்தார். தந்தையார் மத்திய ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய துருக்கியர்; தாயாரோ இந்நாட்டுப் பெண்மணி. இளமையிலேயே தந்தையை இழந்த குஸ்ரு, தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார்.

1258இல் மங்கோலியர் பாக்தாத் நகரைப் பாழாக்கினர். அவர்களுக்கு அஞ்சிய அறிஞர் பலருக்குத் தில்லி அடைக்கலம் தந்தது. குஸ்ருவும் 1285இல் முல்தான் போரில் மங்கோலியரிடம் சிறைப்பட்டுத் தப்பி மீண்டவரே. 1289இல் இயற்றிய காவியத்தில் தில்லியின் பெரிய பள்ளிவாசலையும், வானளாவிய மினாரையும், குடிநீர் தந்த ஏரியையும் அவர் போற்றிப் பாடினார். சுல்தான்கள் மாறினர், அவைப்புலவர் மாறவில்லை.

1311இல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து கொள்ளையிட்டது. அவ்வெற்றியைப் புகழ்ந்து எழுதியதும் குஸ்ருவின் எழுதுகோலே. இதனை நாம் மறைத்தல் தகாது. எனினும் 1318இல் இயற்றிய 'நூஹ் ஸிபிஹ்ர்' என்னும் நூலில், சுழியம் உள்ளிட்ட எண்முறையையும் சதுரங்கத்தையும் உலகுக்கு ஈந்த நாடு எனப் பாரதத்தை வியந்தார். இந்நாட்டு மொழிகளை அவர் வரிசைப்படுத்தியபோது மஅபர் நாட்டு மொழியையும் சேர்த்தார். மஅபர் என்பது அரபியர் நம் தமிழகக் கடற்கரைக்கு இட்ட பெயர். படையெடுப்பைப் பாடிய அதே புலவர், நம் தாய்மொழிக்கும் தம் ஏட்டில் இடம் தந்தார்!

1325இல் அவர் சுல்தானுடன் வங்கம் சென்றிருந்த வேளையில், குருநாதர் நிஜாமுதீன் அவுலியா மறைந்தார். திரும்பி வந்த குஸ்ரு அத்துயரம் ஆறாமலே அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். குருவின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். இன்றும் அங்கே கவ்வாலி இசை முழங்குகிறது.

குடியேறி வந்தவரின் மைந்தர் இந்நகரைத் தம் நகராகவே கொண்டார். பிறர் மொழிகளையும் எண்ணி மதித்தார். பிழைப்பு நாடி வந்த நாமும் இந்நகரை நம்முடையதாக்கிக் கொள்வோம். இல்லத்தில் தமிழையும் காப்போம். அடுத்த முறை அந்நிலையத்தில் இறங்குகையில், குழந்தைகளுக்கு அப்புலவரின் சமாதியைக் காட்டுவோமாக!