மேகநாத சாகா

வறுமையும் சாதி வேற்றுமையும் வழி மறித்தபோதும் தளராது கற்று, விண்மீன்களின் இயல்பை அறியும் நெறியை உலகிற்கு அளித்த பேரறிஞர் மேகநாத சாகா ஆவார்.

அவர் 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், டாக்கா மாவட்டத்துச் சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் சகந்நாதர் சிறு மளிகைக் கடை நடத்தி வந்தார். மக்கள் எண்மருள் சாகா ஐந்தாமவர். தொடக்கக் கல்வி முடிந்ததும் மகன் கடைக்கு வந்து உதவவேண்டும் என்று தந்தையார் எண்ணினார். தமையனார் செயநாதரோ, தம்பியின் கூரிய அறிவைக் கண்டு, அவர் மேலும் கற்க வழி தேடினார். பள்ளி ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வூர் மருத்துவர் அனந்தகுமார் தாசர் தம் இல்லத்தில் உணவும் உறையுளும் அளித்தார். அங்குப் பசுவைப் பேணும் பணியையும் செய்துகொண்டே சாகா பயின்றார்.

உதவித்தொகை பெற்று 1905இல் டாக்கா நகரப் பள்ளியிற் சேர்ந்தார். அவ்வாண்டு வங்காளம் பிரிக்கப்பட்டது. பள்ளிக்கு வந்த ஆங்கில ஆளுநரைப் புறக்கணித்த மாணவருள் சாகாவும் ஒருவர். அதனால் பள்ளியினின்று நீக்கப்பட்டார், உதவித்தொகையையும் இழந்தார். வேறொரு பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். சகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்களாகவும், சத்தியேந்திரநாத் போசு உடன் பயில்பவராகவும் வாய்த்தனர். ஆயினும் விடுதியில் சாதி வேற்றுமை அவரை வருத்தியது. அவர் அதனைப் பொறுத்துப் படிப்பிலேயே கருத்தூன்றினார்.

அவர்தம் ஆராய்ச்சியை அறிய, அயனி என்பது யாதென உணர்தல் வேண்டும். அணுவின் நடுவே நேர்மின் உடைய கருவும், அதனைச் சூழ எதிர்மின் உடைய எலெக்ட்ரான்களும் உள்ளன. இரண்டும் சமமாயிருப்பின் அணு மின்னூட்டம் அற்றது. எலெக்ட்ரானை இழந்தாலும் ஏற்றாலும் அது அயனியாகிறது. சோடியம் ஓர் எலெக்ட்ரானை எளிதில் இழந்து நேர் அயனி ஆகும். கந்தகமோ, உலோகங்களோடு கூடுங்கால், இரண்டு எலெக்ட்ரான்களை ஏற்று எதிர் அயனி ஆதல் உண்டு. கடும் வெப்பத்திலோ அணுக்கள் ஒன்றோடொன்று மோதி எலெக்ட்ரான்களை இழக்கின்றன. மிகு வெப்பமுள்ள விண்மீன்களில் கந்தகமும் எலெக்ட்ரானை இழந்து நேர் அயனியாகவே காணப்படுகிறது.

மூலக்குளத்தில் நின்று, வில்லியனூர்ப் பக்கம் சாயும் கதிரவனைக் காண்போர்க்கு அது செந்நிற வட்டமாகவே தோன்றும். அதன் ஒளியைப் பகுத்து நோக்கிய அறிஞர்களுக்கோ ஓர் ஐயம் எழுந்தது. கதிரவனின் வளிமண்டலத்து உயர்ந்த பகுதியில் கால்சிய அயனியின் கோடுகள் தெரிந்தன. மின்னூட்டம் அற்ற கால்சியத்தின் கோடுகளோ தாழ்ந்த பகுதியிலேயே நின்றன. இதன் காரணம் என்ன?

சாகா 1920இல் விடை கண்டார். ஒருபுறம் அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. மறுபுறம் அயனிகள் அவற்றை மீண்டும் பற்றுகின்றன. வெப்பம் மிகுந்தால் இழப்பு மிகும். அழுத்தம் குறைந்தாலோ, அயனியும் எலெக்ட்ரானும் சந்திப்பது அரிதாகும். ஆதலின் அயனிகள் பெருகும். மேற்பகுதியில் அழுத்தம் மிகக் குறைவு. அதனாலேயே அங்குக் கால்சியம் அயனியாக நிற்கிறது. இவ்வுறவை அவர் ஒரு சமன்பாடாக அமைத்தார். ஒரு தனிமத்தின் கோடுகள் காணப்படாமையால் அத்தனிமமே இல்லை என்று முடிவு கட்டுதல் பிழை என்பது அதனால் விளங்கிற்று. பின்னர் 1925இல் செசிலியா பெய்ன் என்னும் அம்மையார், இச்சமன்பாட்டின் துணைகொண்டு ஆராய்ந்து, விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுந்துள்ளது எனக் கண்டார்.

இலண்டன் அரச கழகம் 1927இல் சாகாவை உறுப்பினராகத் தேர்ந்தது. அலகாபாத்தில் பதினைந்து ஆண்டுகள் பேராசிரியராயிருந்து, 1938இல் கல்கத்தா திரும்பி, அணுக்கரு இயற்பியலுக்கென ஒரு நிலையம் நிறுவினார். 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகம் நோக்கிச் செல்லும் வழியில் மாரடைப்பால் மறைந்தார்.

அன்று ஒரு தமையனின் பரிவும் ஒரு மருத்துவரின் ஈகையும் இல்லையேல், அப்பேரறிவு கடையிலேயே அடங்கியிருக்கும். கற்க விரும்பும் ஏழைச் சிறுவனுக்குக் கைகொடுத்தல், அவன் ஒருவனுக்கு மட்டுமன்றி உலகிற்கே செய்யும் உதவியாகும்.