மூணு தடவை அமெரிக்கக் குடிமகன்: யார் இந்த பகத் சிங் திண்ட்?

பஞ்சாபில் 1892-ல் பிறந்த பகத் சிங் திண்ட், 1913-ல் அமெரிக்கா போனார். ஓரிகன் மாகாணத்தில் மர ஆலை வேலை. முதல் உலகப் போரில், 1918-ல், தலைப்பாகையோடு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். அந்த டிசம்பரில் குடியுரிமை கிடைத்தது. நாலே நாளில் பறிபோனது. 1920-ல் மறுபடி கிடைத்தது. அரசு விடவில்லை, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

குடியேறியவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான் அப்போது குடியுரிமை. திண்ட் அந்தச் சட்டத்தை எதிர்க்கவில்லை. தான் உயர்சாதி ஆரியர், அதனால் வெள்ளையர்தான் என்று அதுக்குள்ளேயே இடம் கேட்டார். சாமானிய அமெரிக்கர் பார்வையில் இந்தியர் வெள்ளையர் இல்லை என்று 1923-ல் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய பல இந்தியர்களும் அதை இழந்தார்கள்.

போர் வீரர்களுக்காக 1935-ல் வந்த சட்டத்தால், 1936-ல் திண்ட் மூணாவது தடவை குடிமகனானார். மற்ற இந்தியர்களுக்கு 1946-ல்தான் வழி திறந்தது. அப்பவும் புதுசா குடியேற ஆண்டுக்குச் சுமார் 100 பேருக்குத்தான் அனுமதி.

அந்த ஒதுக்கீட்டு முறையை ஒழித்த 1965 சட்டம், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நாட்டுக்கு நாடு ஒரே வரம்பு வைத்தது. திண்ட் 1967-ல் இறந்தார். அந்த வரம்பு இன்றைக்கு 7 சதவீதமாக நிற்கிறது. நம்ம ஐடி ஊழியர்கள் கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பது அதனால்தான்.