பிஎம்ஐ கணக்கைத் தந்தவர் டாக்டரே இல்லை! பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய கெட்லேவின் கதை

பள்ளி மருத்துவ முகாம்களில் குழந்தையோட உயரம், எடையைப் பார்த்து பிஎம்ஐ இவ்வளவுன்னு எழுதிக் கொடுப்பாங்க. அந்த நம்பர் அதிகமா இருந்தா வீட்ல பதற்றம், சரியா இருந்தா நிம்மதி. இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் ஒரு வானியலாளர்னு சொன்னா நம்புவீங்களா?

யார் இந்த கெட்லே?

இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில் 1796-ல் பிறந்தவர் அடோல்ஃப் கெட்லே. 7 வயதிலேயே அப்பாவை இழந்தவர், இளம் வயதில் கணக்கு வாத்தியார் ஆனார். 1819-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு பாரிஸ் போய் வானியல் படித்துவிட்டு வந்து, பிரஸ்ஸல்ஸில் வானாய்வகம் அமையக் காரணமாக இருந்தார்.

நட்சத்திரங்களுக்குப் போட்ட கணக்கை மனிதர்களுக்கும் போட்டுப் பார்த்தார். அவர் தேடியது 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதைத்தான். உடல் பருமன் அவரோட ஆராய்ச்சியே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் என்ன கண்டார்?

பிறந்த குழந்தை முதல் பெரியவர்கள் வரை உயரம், எடை விவரங்களைச் சேகரித்தார். வளர்ந்தவர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடுவதைக் கண்டார். ஆனால் வளரும் வயதில் இதே விதி அப்படியே பொருந்தவில்லை என்பதையும் கவனித்தார். 1835-ல் வெளியான அவரது நூல் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது.

1855-ல் பக்கவாதம் தாக்கி நினைவாற்றல் பாதிக்கப்பட்டது. அதன் பிறகும் வேலையை விடவில்லை. 1874-ல், 77 வயதில் காலமானார்.

அவர் இறந்து கிட்டத்தட்ட 100 ஆண்டுகள் கழித்து, 1972-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் குழுவினர்தான் இந்தக் கணக்குக்கு பிஎம்ஐ-னு பெயர் வைத்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாருமே வயது வந்த ஆண்கள்!

பெற்றோர் என்ன செய்யணும்?

குழந்தைகளுக்கு பிஎம்ஐ நம்பரை மட்டும் பார்த்தால் போதாது. வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துத் தயாரித்த வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடணும். பெரியவர்களுக்கு நார்மலான 22, 6 வயது குழந்தைக்கு ரொம்பவே அதிகம்.

இன்னொரு விஷயம், கொழுப்பு உடம்பில் எங்கே சேர்ந்திருக்குன்னு பிஎம்ஐ சொல்லாது. இதயத் தசையை ஒட்டியே ஒரு கொழுப்புப் படலம் எல்லாருக்கும் உண்டு. அது அளவுக்கு மீறினால் அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும். பருமனான குழந்தைகளிடம் இந்தப் படலம் தடிமனாக இருப்பதை எக்கோ ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய்னு பிற்காலத்தில் வரும் ஆபத்துக்கு இங்கேயே விதை விழலாம்.

வீட்டிலேயே ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்க. 5 வயதைத் தாண்டிய குழந்தையோட இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதியைத் தாண்டினால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி, ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்க. பிள்ளையைக் கேலி பண்ணவோ, பட்டினி போடவோ வேண்டாம்.